ஜெனரேட்டர் இருந்தும் மின்சாரம் வராதது ஏன்?

2019 மே 7 மாலை மதுரையில் பலத்த காற்றுடன் மழை பெய்தது. அரசு இராசாசி மருத்துவமனையில் மின்சாரம் நின்றது. ஜெனரேட்டரும் கைகொடுக்கவில்லை என்று செய்திகள் வந்தன. தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டர் உதவியுடன் இருந்த நோயாளிகள் சிலர் அந்த மாலையில் இறந்தார்கள். மின்தடைதான் காரணம் என்று உறவினர்கள் கதறினார்கள். இறந்தவர்கள் ஏற்கெனவே கவலைக்கிடமான நிலையில் இருந்தவர்கள், வென்டிலேட்டர்களில் பேட்டரி இருந்தது, எனவே மின்தடை காரணம் இல்லை என்று நிர்வாகம் மறுத்தது. மருத்துவக் காரணத்தைத் தீர்மானிப்பது இந்தக் கட்டுரையின் வேலை இல்லை. ஆனால் ஒரு கேள்வி அங்கேயே நிற்கிறது. தென்மாவட்டங்கள் நம்பியிருக்கும் அவ்வளவு பெரிய மருத்துவமனையில், ஒரு கோடை மழைக்குப் பிறகு ஜெனரேட்டரைப் பற்றிப் பேச வேண்டிய நிலை எப்படி வந்தது?

இப்படி ஒன்று நடக்கும்போதெல்லாம் 'இயந்திரக் கோளாறு' என்று அறிக்கை வரும். கோளாறு உண்மைதான். ஆனால் அரசுக் கட்டடங்களில் மின்சாதனங்களும் இயந்திரங்களும் பழுதாகும் விதத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால், பழுது பெரும்பாலும் இயந்திரத்துக்குள் தொடங்குவதில்லை என்பது தெரியும். ஓர் அலுவலகத்தின் பொறுப்பு முடிந்து இன்னோர் அலுவலகத்தின் பொறுப்பு தொடங்கும் இடத்தில்தான் அது தொடங்குகிறது. இதைப் புரிந்துகொள்ள எளிய வழி, மின்சாரம் ஒரு மருத்துவமனைக்குள் நுழைந்து நோயாளியின் கட்டில்வரை போகும் பாதையைப் பின்தொடர்வது.

மின்சாரம் மாறும் கைகள்

பெரிய அரசு மருத்துவமனைகள் உயர் மின்னழுத்த நுகர்வோர்கள். மின்வாரியத்தின் 11 கிலோவோல்ட் கம்பி மருத்துவமனை வளாகத்துக்குள் வருகிறது. மீட்டர்வரை வாரியத்தின் பொறுப்பு. அதைத் தாண்டியதும் டிரான்ஸ்பார்மர் அதை 433 வோல்ட்டாகக் குறைக்கிறது. அங்கிருந்து மெயின் பேனல், பிறகு ஒவ்வொரு கட்டடத்துக்கும் கேபிள், ஒவ்வொரு மாடிக்கும் ஒரு பேனல், வார்டுக்குள் சுவிட்ச் போர்டு. தமிழ்நாட்டில் இந்தப் பகுதியெல்லாம் பொதுப்பணித்துறையின் மின் பிரிவு பார்க்க வேண்டியது. லிஃப்ட், தண்ணீர் மோட்டார், ஜெனரேட்டர், குளிர்சாதனம் ஆகியவையும் பெரும்பாலும் அந்தப் பிரிவின் தலையில்தான் இருக்கின்றன. சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட்டோடு அவர்களது எல்லை முடிகிறது. அதில் செருகப்படும் மானிட்டரும் வென்டிலேட்டரும் மருத்துவமனையின் சொத்து. அவற்றில் பலவற்றை வாங்கித் தருவது 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். பழுது பார்ப்பது ஒப்பந்தம் எடுத்த நிறுவனம். இவை எல்லாவற்றையும் பாதுகாப்புக் கோணத்தில் ஆய்வு செய்யும் அதிகாரம் மின் ஆய்வுத் துறைக்கு இருக்கிறது. தீத்தடுப்பு தீயணைப்புத் துறையின் வேலை.

இத்தனை துறைகள் இருப்பதில் தவறில்லை. கட்டடப் பொறியாளருக்கு வென்டிலேட்டர் தெரியாது, மருத்துவருக்கு டிரான்ஸ்பார்மர் தெரியாது. சிக்கல் எல்லைக்கோட்டில் இருக்கிறது. வார்டில் ஒரு மானிட்டர் அடிக்கடி அணைந்து அணைந்து எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். செவிலியர் புகார் எழுதுகிறார். வயர்மேன் வந்து டெஸ்டரை வைத்துப் பார்க்கிறார், 'சப்ளை இருக்கிறது' என்று எழுதிவிட்டுப் போகிறார். கம்பெனி ஆள் வந்து கருவியைத் தன் மேசையில் வைத்துப் பார்க்கிறார், 'கருவி நன்றாக இருக்கிறது' என்று எழுதிவிட்டுப் போகிறார். இருவரும் எழுதியது உண்மை. தளர்ந்து போன பிளக் பாயின்ட் அப்படியே இருக்கிறது. டெஸ்டரில் விளக்கு எரியும். கருவி இழுக்கும் மின்னோட்டத்தை அந்தத் தளர்ந்த இணைப்பு தாங்காது. இரு துறையினரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் நின்று பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தீரும் விஷயம் இது. அப்படி ஒருங்கே நிற்க வைக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? தாளில் டீனிடமும் நிலைய மருத்துவ அலுவலரிடமும் இருக்கிறது. அவர்கள் மருத்துவர்கள். நாளெல்லாம் நோயாளிகள், நிர்வாகம், விசாரணைகள், அமைச்சர் வருகைகள் என்று ஓடுகிறவர்கள். பேனல் ரூமுக்குள் அவர்கள் காலடி வைக்கும் நாள் பெரும்பாலும் ஏதாவது ஒன்று எரிந்த நாளாக இருக்கிறது.

லோடு இல்லாத சோதனை

ஜெனரேட்டரைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். பராமரிப்பு என்ற பெயரில் நடப்பதற்கும் நடக்க வேண்டியதற்கும் உள்ள இடைவெளி இதில்தான் மிகத் தெளிவாகத் தெரிகிறது.

மின்சாரம் நின்றதும் நடக்க வேண்டியது இது. தானியங்கிப் பேனல் மின்தடையை உணர்கிறது. ஜெனரேட்டரின் ஸ்டார்ட்டருக்குக் கட்டளை போகிறது. பேட்டரி இன்ஜினைச் சுழற்றுகிறது. இன்ஜின் வேகம் பிடித்து மின்னழுத்தம் நிலைபெற்றதும், மாற்றுச் சுவிட்ச் மருத்துவமனையின் சுமையை வாரியக் கம்பியிலிருந்து விலக்கி ஜெனரேட்டரில் மாட்டுகிறது. எல்லாம் சரியாக இருந்தால் பத்துப் பதினைந்து விநாடிகளில் முடிந்துவிடும். அந்த இடைவெளியை யு.பி.எஸ்ஸும் கருவிகளுக்குள் இருக்கும் பேட்டரியும் தாங்க வேண்டும். விலக்கிய பிறகே மாட்ட வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. இரண்டும் ஒரே நேரத்தில் இணைந்தால் ஜெனரேட்டர் மின்சாரம் பின்வழியாக வாரியக் கம்பிக்குப் போகும். அங்கே கம்பத்தில் ஏறி வேலை செய்துகொண்டிருக்கும் ஊழியரின் உயிர் போகும்.

இந்தச் சங்கிலியில் எங்கே அறுபடுகிறது? இன்ஜின் உடைந்து போவது அரிது. ஸ்டார்ட்டர் பேட்டரி செத்திருப்பதுதான் மிகச் சாதாரணமான காரணம். பேட்டரியை எப்போதும் நிரப்பி வைக்க வேண்டிய சார்ஜர் ஒரு நாள் அமைதியாக நின்றுபோயிருக்கும், அதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அடுத்தது, சர்வீஸ் செய்ய வந்தவர் தன் பாதுகாப்புக்காகத் தேர்வுச் சுவிட்சை 'ஆட்டோ'விலிருந்து 'மேனுவல்' நிலைக்கு மாற்றியிருப்பார், போகும்போது திருப்பி வைக்க மறந்திருப்பார். எண்ணெய் மாற்றி, ஃபில்டர் மாற்றி, பில்லும் போட்டாகிவிட்டது. ஆனால் அன்று முதல் அந்த ஜெனரேட்டர் தானாகக் கிளம்பாது. இன்னொன்று டீசல். தொட்டியில் ஆறு மாதம், ஓராண்டு என்று கிடக்கும் டீசலில் ஈரம் சேரும், அடியில் கசடு படியும். அவசர நேரத்தில் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும்.

இதையெல்லாம் முன்கூட்டியே காட்டித்தரும் ஒரே வழி சோதனை ஓட்டம். பல இடங்களில் வாரம் ஒருமுறை ஓட்டுகிறார்கள், பதிவேட்டில் எழுதவும் செய்கிறார்கள். சாவியைத் திருப்பி, பத்து நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, 'நல்ல நிலையில் உள்ளது' என்று கையெழுத்து. ஸ்டாண்டில் நிறுத்திய ஸ்கூட்டரை முறுக்கிப் பார்த்துவிட்டு மலையேறும் என்று சொல்வதற்குச் சமம் இது. இன்ஜின் ஓடும் என்பது மட்டும் தெரிந்தது. தானாகக் கிளம்புமா என்பது தெரியவில்லை, சாவியைத் திருப்பியது மனிதர். மாற்றுச் சுவிட்ச் நகருமா என்பதும் தெரியவில்லை. மருத்துவமனையின் முழுச் சுமையையும் ஒரு மணி நேரம் தாங்குமா என்பதும் தெரியவில்லை. அதைவிடத் தீங்கு ஒன்றும் இருக்கிறது. டீசல் இன்ஜினைத் தொடர்ந்து அதன் திறனில் முப்பது விழுக்காட்டுக்குக் கீழே ஓட்டினால் சிலிண்டரில் போதிய வெப்பம் எழாது. எரியாத டீசலும் கரியும் புகைபோக்கி வழியிலும் இன்ஜெக்டரிலும் படியும். அக்கறையோடு செய்யும் வெற்று ஓட்டமே காலப்போக்கில் இன்ஜினைக் கெடுக்கிறது.

உண்மையான சோதனை என்பது மெயின் பிரேக்கரை இறக்கி, வாரிய மின்சாரம் நின்றது போன்ற நிலையை உண்டாக்கி, தானாக எல்லாம் நடக்கிறதா என்று பார்ப்பது. அதற்கு யார் துணிவார்கள்? சோதனையில் ஜெனரேட்டர் கிளம்பாமல் போய், அந்த நேரத்தில் ஒரு நோயாளிக்கு ஏதாவது ஆனால் கையெழுத்துப் போட்டவர் கதி என்ன? இந்த அச்சம் நியாயமானது, இதைக் கேலி செய்ய முடியாது. ஆனால் அதன் விளைவு என்னவென்றால், திட்டமிட்ட நாளில், பகல் வெளிச்சத்தில், ஆட்கள் எல்லாரும் தயாராக நிற்கும்போது செய்யாத சோதனையை, ஒரு மழை நாளின் இரவு எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் செய்கிறது. அறுவை சிகிச்சைகள் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, யு.பி.எஸ் பேட்டரிகளை முன்னதாகச் சரிபார்த்து, ஒவ்வொரு வென்டிலேட்டர் பக்கத்திலும் ஒரு செவிலியரும் கையால் அழுத்தும் சுவாசப் பையும் இருக்க, வயர்மேன் பேனல் ரூமில் நிற்க, இதைப் பாதுகாப்பாகச் செய்துவிடலாம். நோயாளிகளின் மின்சாரத்தைத் தொடவே வேண்டாம் என்றால், செயற்கைச் சுமை தரும் லோடு பேங்க் கருவியை வாடகைக்கு எடுத்து ஜெனரேட்டரை மட்டும் சோதிக்கலாம். மாற்றுச் சுவிட்சையும் தானியங்கி இயக்கத்தையும் அது சோதிக்காது என்பது மட்டும் நினைவில் இருக்க வேண்டும்.

சுமை என்று வரும்போது ஒரு கணக்கு. 250 கே.வி.ஏ. ஜெனரேட்டர் என்பது சுமார் 200 கிலோவாட் தரும். மருத்துவமனை கட்டும்போது எது அவசரச் சுமை, எது இல்லை என்று பிரித்திருப்பார்கள்: தீவிர சிகிச்சை, அறுவை அரங்கு, குழந்தைகள் பிரிவு, ரத்த வங்கிக் குளிர்ப்பெட்டி இவையெல்லாம் ஜெனரேட்டர் பேனலில். ஆண்டுகள் போகப் போக, மின்தடையில் தன் அறையும் இருளக் கூடாது என்று ஒவ்வொருவராக அந்தப் பேனலுக்கு வருவார்கள். அலுவலக அறை, கூட்ட அரங்கு, அதிகாரி அறை. ஒன்றரை டன் ஏ.சி. ஒன்று சுமார் ஒன்றரை கிலோவாட் இழுக்கும். இப்படி நாற்பது சேர்ந்தால் 60 கிலோவாட். அதற்கென்று ஒரு நாளும் வரைபடம் திருத்தப்படுவதில்லை. கடைசியில் ஜெனரேட்டர் சரியாகவே கிளம்பும், சுமையை ஏற்கும், மிகைச்சுமையால் தானாக நின்றுவிடும். நின்ற ஜெனரேட்டரைக் குறை சொல்வார்கள். ஏ.சி. மாட்டச் சொன்னவரை யாருக்கும் நினைவிருக்காது.

ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது என்பதும் பராமரிப்பின் பகுதிதான். 2012 அக்டோபர் 29 இரவு சாண்டி புயல் நியூயார்க்கைத் தாக்கியபோது, அந்த நகரின் பொது மருத்துவமனையான பெல்வியூவில் ஜெனரேட்டர்கள் பதின்மூன்றாம் மாடியில் பத்திரமாக இருந்தன. அவற்றுக்கு டீசல் ஏற்றும் பம்புகள் அடித்தளத்தில் இருந்தன. அடித்தளம் மூழ்கியது. ஊழியர்களும் படைவீரர்களும் மாடிப்படிகளில் வரிசையாக நின்று டீசலைக் கைமாற்றி மேலே ஏற்றினார்கள். பிறகு நோயாளிகள் அனைவரையும் வெளியேற்ற வேண்டியதாயிற்று. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் தனியார் மருத்துவமனை ஒன்றில் ஜெனரேட்டர் பகுதிக்குள் நீர் புகுந்தது நமக்கே நடந்தது. கடலோர மாவட்டங்களில் தரைத்தளப் பேனல் ரூம் உள்ள ஒவ்வொரு அரசுக் கட்டடமும் இந்த இரண்டு நிகழ்வுகளையும் தன் வரைபடத்தின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும்.

பிரேக்கருக்குத் தெரியாத வெப்பம்

2021 ஜனவரி 9 அதிகாலை, மகாராஷ்டிரத்தின் பண்டாரா மாவட்டப் பொது மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைகளுக்கான சிறப்புப் பிரிவில் தீப்பிடித்தது. உள்ளே 17 குழந்தைகள் இருந்தார்கள். ஏழு பேரை மீட்டார்கள். பத்துக் குழந்தைகள் இறந்துபோனார்கள். மாநிலம் முழுவதும் மருத்துவமனைகளில் பாதுகாப்புத் தணிக்கை நடத்த உத்தரவு வந்தது. அதே ஆண்டு நவம்பர் 6 அன்று, அதே மாநிலத்தில் அகமதுநகர் மாவட்ட மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவு எரிந்து 11 நோயாளிகள் இறந்தார்கள். 2024 நவம்பர் 15 இரவு உத்தரப் பிரதேசத்தின் ஜான்சியில் அரசு மருத்துவக் கல்லூரியின் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் தீ. அன்றிரவே பத்துக் குழந்தைகள் மாண்டார்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் 2022 ஏப்ரலில் தீ விபத்து நடந்தது. நோயாளிகளை விரைந்து வெளியேற்றியதால் உயிரிழப்பு இல்லை.

'மின்கசிவு காரணமாக' என்று செய்திகளில் வரும் தொடருக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பது முக்கியம். வயரில் இரு முனைகள் தொட்டுக்கொண்டு பெரும் மின்னோட்டம் பாய்ந்தால் பிரேக்கர் உடனே விழும். அதற்காகத்தான் அது இருக்கிறது. பிரேக்கருக்குத் தெரியாமல் நடப்பது வேறு. ஒரு திருகு தளர்கிறது, அல்லது கேபிள் முனையில் அழுத்திய லக் என்ற உலோக இணைப்பு சரியாகப் பிடிக்கவில்லை. அந்த இடத்தில் மின்னோட்டத்துக்கு எதிரான தடை (ரெசிஸ்டன்ஸ்) கூடுகிறது. அங்கே எழும் வெப்பம் மின்னோட்டத்தின் இருபடியைப் பொறுத்தது. மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. மின்னோட்டம் தன் வரம்புக்குள் இருப்பதால் பிரேக்கர் விழாது. சூட்டில் உலோகம் விரியும், ஆறும்போது சுருங்கும், திருகு இன்னும் தளரும், சூடு இன்னும் ஏறும். பிளாஸ்டிக் கருகும் வாடை முதலில் வரும். அந்த வாடையைச் செவிலியர் சொன்ன அன்றே ஒருவர் வந்து பார்த்தாரா என்பதில்தான் மீதிக் கதை இருக்கிறது.

வீட்டில் இதே தளர்ச்சி பல ஆண்டு ஒன்றும் செய்யாமல் இருக்கக்கூடும். பச்சிளங்குழந்தைகள் பிரிவில் குழந்தைக்கு வெப்பம் தரும் வார்மர்கள் நாள் முழுக்க எரிகின்றன. வீட்டு உபயோகத்துக்குச் செய்த ஏ.சி. இருபத்து நான்கு மணி நேரமும் ஓடுகிறது. பத்துக் கட்டிலுக்குப் போட்ட வயரில் இருபது கட்டில் தொங்குகிறது, எக்ஸ்டென்ஷன் பெட்டிகள் வழியாக. இதோடு ஆக்சிஜன் சேர்கிறது. சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 விழுக்காடு. மூடிய, குளிரூட்டிய அறையில் கசிவால் அது சில விழுக்காடு ஏறினாலே துணியும் மெத்தையும் எரியும் வேகம் மாறிவிடும். தப்பி ஓட முடியாத உயிர்கள் இருக்கும் அறையில்தான் இந்த எல்லாமும் ஒன்றாக நடக்கின்றன.

தடுப்பது கடினமான வேலை இல்லை. வெப்பப் படக் கருவியைப் பேனலுக்கு முன் காட்டினால், சூடேறிய இணைப்பு திரையில் பளிச்சென்று தெரியும், மின்சாரத்தை நிறுத்தவே வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பேனல்களில் திருகுகளை உரிய விசையில் முறுக்கி விடலாம். மெகர் என்ற அளவுக்கருவியை வைத்து வயர்களின் காப்புத்தன்மையைப் பார்க்கலாம். புதிதாக ஒரு கட்டில் சேர்த்தால் புதிதாக ஒரு சர்க்யூட் இழுக்க வேண்டும் என்பதை விதியாக்கலாம். இந்த வரிசையில் கடைசியாகச் சொன்னதுதான் நடைமுறையில் மிகக் கடினம். நோயாளி வாசலில் நிற்கும்போது 'சர்க்யூட் இல்லை' என்று எந்த மருத்துவர் சொல்வார்?

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். டிரான்ஸ்பார்மரின் சுவாசக் குழலில் இருக்கும் சிலிக்கா ஜெல் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் ஈரம் உள்ளே போகிறது என்று பொருள். பார்க்கக் கண் மட்டும் போதும். எண்ணெயின் மின்தாங்கு திறனை ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும். கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த் பிட்களை மழைக்காலத்தில் அளந்து நல்ல அளவீட்டை எழுதிவைப்பதில் பயனில்லை, மண் காய்ந்திருக்கும் மே மாதத்தில் அளக்க வேண்டும். யு.பி.எஸ்ஸில் இருக்கும் மூடிய பேட்டரிகள் 25 பாகை வெப்பத்துக்கு என்று கணக்கிட்டுச் செய்யப்பட்டவை. அதற்கு மேல் ஒவ்வொரு பத்துப் பாகைக்கும் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும். ஏ.சி. இல்லாத மாடிப்படி இடுக்கில் யு.பி.எஸ்ஸை வைத்துவிட்டு ஐந்தாண்டு உழைக்கும் என்று எதிர்பார்ப்பது நடக்காத காரியம். லிஃப்ட்டுக்குத் தமிழ்நாட்டில் 1997-இலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது, மின் ஆய்வுத் துறையின் உரிமமும் புதுப்பித்தலும் கட்டாயம். ஆகவே மற்ற சாதனங்களைவிட லிஃப்ட்டின் காகிதங்கள் ஒழுங்காக இருக்கும். சட்டம் ஓர் அலுவலகத்தைப் பெயர் சொல்லிப் பொறுப்பாக்கினால் என்ன மாறும் என்பதற்கு அதுவே சான்று.

வாங்கும் பணமும் காக்கும் பணமும்

2015-இல் மத்திய சுகாதார அமைச்சகம் அரசு மருத்துவமனைகளின் கருவிகளைக் கணக்கெடுத்தது. 29,115 மருத்துவ நிலையங்களில் 7,56,750 கருவிகள், மதிப்பு சுமார் 4,564 கோடி ரூபாய். மாநிலத்துக்கு மாநிலம் 13 முதல் 34 விழுக்காடு கருவிகள் இயங்காமல் கிடந்தன. இதிலிருந்துதான் கருவிப் பராமரிப்புக்கான தேசியத் திட்டம் பிறந்தது. மாவட்ட மருத்துவமனையில் கருவிகள் 95 விழுக்காடு நேரம் இயங்க வேண்டும், சமுதாய நல நிலையத்தில் 90, ஆரம்ப சுகாதார நிலையத்தில் 80 என்று இலக்கு வைத்தார்கள். நல்ல திட்டம். ஆனால் அது மருத்துவக் கருவிகளுக்கானது. கருவிக்கு மின்சாரம் தரும் பேனலும் கேபிளும் ஜெனரேட்டரும் இதே போன்ற எண்ணிக்கைக்குள் வருவதில்லை. சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட்டில் எல்லைக்கோடு இங்கேயும் நிற்கிறது.

அரசுக் கணக்கில் வாங்குவது ஒரு தலைப்பு, காப்பது வேறொரு தலைப்பு. வாங்குவதற்கு அறிவிப்பு உண்டு, திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. பேட்டரி மாற்றியதற்கு எந்த ஊரிலும் கல்வெட்டு வைத்ததில்லை. பேட்டரி செத்தது என்று வயர்மேன் சொன்னால், உதவிப் பொறியாளர் மதிப்பீடு தயாரிக்க வேண்டும், அது மேலே போக வேண்டும், நிர்வாக ஒப்புதலும் நிதியும் வர வேண்டும், பிறகு விலைப்புள்ளி. முறைகேடு நடக்கக் கூடாது என்று வைத்த படிகள்தான் இவை. ஆனால் ஒரு புதிய கட்டடத்துக்கும் ஒரு பேட்டரிக்கும் ஏறக்குறைய ஒரே படிக்கட்டு என்றால், பேட்டரி தோற்றுவிடும். ஆண்டு முழுக்க வராத நிதி சில நேரம் பிப்ரவரியில் வரும், மார்ச் 31-க்குள் செலவிடாவிட்டால் காலாவதி. அவசரத்தில் எது எளிதாக வாங்க முடியுமோ அது வாங்கப்படும், எது தேவையோ அது காத்திருக்கும்.

கொரோனா காலத்து ஆக்சிஜன் ஆலைகள் இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு. 2021 அக்டோபரில் அரசு சொன்ன கணக்குப்படி பி.எம். கேர்ஸ் நிதியில் நாடு முழுவதும் 1,224 ஆலைகளுக்குப் பணம் ஒதுக்கி, 1,100-க்கும் மேற்பட்டவை இயங்கத் தொடங்கியிருந்தன. சில மாதங்களில் இவ்வளவு செய்தது பெரும் சாதனை, அதில் ஐயமில்லை. இயக்கவும் பராமரிக்கவும் 7,000-க்கும் மேற்பட்டோருக்குப் பயிற்சி கொடுத்ததாகவும் அரசு சொன்னது. ஆனால் அந்த ஆலையின் இயல்பைப் பாருங்கள். காற்றை அழுத்தி, ஜியோலைட் என்ற நுண்துளைப் பொருள் நிரப்பிய இரு தொட்டிகளில் மாறி மாறிச் செலுத்தினால், நைட்ரஜன் அதில் ஒட்டிக்கொள்ளும், ஆக்சிஜன் வெளிவரும். ஜியோலைட்டுக்கு ஈரம் எதிரி. காற்றை உலர்த்தும் பகுதி ஒழுங்காக இல்லாவிட்டாலோ, ஆலையை மாதக்கணக்கில் நிறுத்திப் போட்டாலோ, ஈரம் ஏறி அதன் திறன் போய்விடும். ஆக, நோயாளிகள் குறைந்த காலத்திலும் அதை இடையிடையே ஓட்ட வேண்டும். ஓட்டினால் மின்கட்டணம் ஏறும். திரவ ஆக்சிஜன் தொட்டி பக்கத்திலேயே இருக்கும்போது அந்தக் கட்டணத்தை எந்தக் கண்காணிப்பாளர் ஏற்பார்? கட்டுவதற்கு முன்பே ஓட்டுவதற்கான ஆண்டுச் செலவை எழுதி, அதற்குத் தனித் தலைப்பில் நிதி ஒதுக்கியிருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

தொட்டியும் தானாகப் பாதுகாப்பானதில்லை. 2021 ஏப்ரல் 21 அன்று நாசிக் மாநகராட்சியின் ஜாகிர் உசேன் மருத்துவமனையில் ஆக்சிஜன் தொட்டியில் கசிவு ஏற்பட்டு, குழாயில் அழுத்தம் விழுந்து, அன்று மட்டும் 22 நோயாளிகள் உயிரிழந்தார்கள். ஒரு வால்வையும் அதன் இணைப்பையும் தவறாமல் பார்த்துவர ஓர் ஆளும், அழுத்தம் குறைந்தால் உடனே ஒலிக்கும் மணியும், மாற்றாக சிலிண்டர் வரிசையும் எவ்வளவு தேவை என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

வயர்மேன் யார்?

பேசப்படாத ஒருவர் இருக்கிறார். மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் தகுதிச் சான்று பெற்ற வயர்மேன். பழைய மருத்துவமனைகளில் இருபது முப்பது ஆண்டு வேலை பார்த்தவர்கள் இருந்தார்கள். எந்தக் கேபிள் எந்தச் சுவருக்குள் போகிறது, எந்தப் பேனலில் எந்தப் பிரேக்கர் தானாக விழும், எந்த மோட்டார் வாஷர் போனால் எப்படிக் கத்தும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அந்த அறிவு எந்த வரைபடத்திலும் இல்லை. அவர்கள் ஓய்வு பெற்றதும் பணியிடம் காலியாகவே நின்றால், அல்லது ஒப்பந்தத்தில் வருபவர் அடிக்கடி மாறினால், கட்டடம் தன் நினைவை இழக்கிறது. இரவுப் பணியில் பல கட்டடங்களுக்கு ஒரே ஆள் என்றால், மூன்றாம் மாடியில் கருகல் வாடை வரும்போது அவர் லிஃப்ட்டில் சிக்கியவரை மீட்டுக்கொண்டிருப்பார்.

என் கருத்தில் முதலில் மாற்ற வேண்டியது மூன்று. ஒவ்வொரு பெரிய மருத்துவமனையிலும் டிரான்ஸ்பார்மர் முதல் கட்டில்வரை முழுப்பாதைக்கும் பொறுப்பான ஒரே பொறியாளர் வேண்டும். துறை எல்லைகளைத் தாண்டி வயர்மேனையும் கம்பெனி ஆளையும் ஒரே பேனலுக்கு முன் நிறுத்தும் அதிகாரம் அவருக்கு வேண்டும். சிறு பழுதுகளுக்கு அவர் கையெழுத்திலேயே செலவிடும் நிதி வேண்டும், ஆண்டு முடிவில் கணக்குத் தணிக்கை செய்துகொள்ளலாம். அரசுப் பள்ளிக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் இதே நியாயம்தான், ஆனால் மருத்துவமனையில் தாமதத்தின் விலை வேறு.

பொதுமக்கள் செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் ஆவணங்களின் நகலைப் பெறும் உரிமையோடு, பணிகளையும் பதிவேடுகளையும் நேரில் பார்வையிடும் உரிமையையும் தருகிறது. உங்கள் ஊர் அரசு மருத்துவமனையின் பொதுத் தகவல் அலுவலருக்கும் பொதுப்பணித்துறை மின் கோட்டத்துக்கும் தனித்தனியாக எழுதுங்கள். ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவதை அது தவிர்க்கும். கேட்க வேண்டியவை: ஜெனரேட்டர் இயக்கப் பதிவேட்டின் கடந்த ஓராண்டுப் பக்கங்கள், யு.பி.எஸ் பேட்டரிகள் கடைசியாக மாற்றப்பட்ட தேதி, எர்த் சோதனை அறிக்கை, மின் ஆய்வுத் துறையின் கடைசி ஆய்வுக் குறிப்பும் அதில் சொன்ன குறைகள் தீர்க்கப்பட்டதற்கான கடிதமும், பராமரிப்பு ஒப்பந்தம் முடியும் நாள். பதில் தர முப்பது நாள் அவகாசம். பதிவேடு கைக்கு வந்ததும் நேரமும் டீசலும் எழுதிய பத்திகளைவிட, ஓடும்போது எத்தனை கிலோவாட் சுமை இருந்தது என்று எழுத வேண்டிய பத்தியைப் பாருங்கள். அது காலியாக இருந்தாலோ, எல்லா வாரமும் சுழியம் என்று இருந்தாலோ, அடுத்த மனுவில் கேட்க வேண்டியது: சுமையோடு கடைசியாகச் சோதித்தது எந்த நாள், அனுமதி அளித்த அலுவலர் யார்.